முப்பத்தைந்தைத் தாண்டிய பிட்சரை வாங்க யோசிக்கும் பொது மேலாளர்களுக்கு

பேஸ்பால் அணிகளின் பொது மேலாளர்களுக்கு வணக்கம்.

ஜூலை பிறந்துவிட்டால் உங்கள் போனுக்கு ஓய்வே இருக்காது. வீரர்களைக் கைமாற்றும் கெடு நெருங்க நெருங்க யாரை வாங்குவது, யாரைக் கொடுப்பது என்று ராப்பகலாகப் பேசிக்கொண்டிருப்பீர்கள். ஒவ்வொரு வருஷமும் உங்களில் யாராவது ஒருவர் மேசையில் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒரு பெயர் வந்து நிற்கும். வயது முப்பத்தைந்தோ முப்பத்தாறோ இருக்கும். ஒரு காலத்தில் எதிரணிகளை நடுங்க வைத்த பிட்சர், அதாவது பந்து வீசுபவர். ஆண்டுச் சம்பளம் மூன்று கோடி டாலர் பக்கம், ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. அவர் இருக்கிற அணி இந்த வருஷம் தேறாது. உங்கள் அணி அக்டோபரில் நடக்கும் கோப்பைச் சுற்றுகள் வரை போகக்கூடிய அணி, ஆனால் ஒரு பிட்சர் குறைகிறார்.

அவரை வாங்குங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல். கூடவே ஒரு வேண்டுகோளும் உண்டு. அவருடைய சம்பளத்தை முழுசாக நீங்களே கொடுத்து வாங்குங்கள். "சம்பளத்தில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள், அதற்குப் பதிலாக எங்கள் கீழ்நிலை அணிகளில் வளரும் பையன்களில் இன்னொருவனைக் கூடுதலாகத் தருகிறோம்" என்ற பேச்சுக்கு மட்டும் போகாதீர்கள்.

நான் மிச்சிகனில், லேன்சிங் ஊரில் இருக்கிறேன். டெட்ராய்ட் டைகர்ஸ் எங்கள் அணி. மைதானம் ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணம். எங்கள் ஊருக்கென்று லக்நட்ஸ் என்று ஒரு சின்ன அணியும் உண்டு. பெரிய அணிக்குப் போகும் வழியில் இருக்கிற இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்கள் அதில் ஆடுவார்கள். அதனால் நீங்கள் செய்கிற இந்தக் கைமாற்றத்தின் இரண்டு முனையையும் நாங்கள் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறோம். வயதான பிட்சரை வாங்கியதும் டெட்ராய்ட்தான், விற்றதும் டெட்ராய்ட்தான்.

விற்ற கதையை முதலில் சொல்கிறேன். அது 2017 ஆகஸ்ட் 31 ராத்திரி. ஜஸ்டின் வெர்லாண்டர் எங்களிடம் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தவர். 2011இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதையும் லீகின் சிறந்த வீரர் விருதையும் சேர்த்து வாங்கியவர். அப்போது வயது 34. 2019 வரை ஆண்டுக்கு 2.8 கோடி டாலர் கொடுத்தாக வேண்டும். அந்த சீசனின் முதல் பாதியில் அவர் வீச்சு சரியில்லை. "முடிந்துவிட்டது, இனி இறங்குமுகம்தான்" என்று எங்கள் ஊரிலேயே பலர் பேசினார்கள்.

அந்த ஆகஸ்டில் நடந்த ஒன்றை நீங்கள் மறக்கக்கூடாது. அன்றைய விதிப்படி ஜூலைக் கெடு முடிந்தபின் ஒரு வீரரைக் கைமாற்ற வேண்டுமானால் முதலில் எல்லா அணிகளிடமும் அவர் பெயரைச் சுற்றுக்கு விட வேண்டும். சம்பளத்தை ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிற எந்த அணியும் எனக்கு வேண்டும் என்று கேட்கலாம். வெர்லாண்டர் பெயர் சுற்றி வந்தது. ஓர் அணிகூடக் கேட்கவில்லை. பின்னால் அவரை வாங்கிய ஹூஸ்டனும் அப்போது கேட்கவில்லை. எல்லாரும் அந்த 2.8 கோடியைத்தான் பார்த்தார்கள்.

கடைசியில் நள்ளிரவுக் கெடு முடியச் சில நொடிகளே இருக்கும்போதுதான் பேச்சு முடிந்தது. பத்து வருஷம் ஆடி, அதில் கடைசி ஐந்து வருஷம் ஒரே அணியில் இருந்த ஒருவரை அவர் சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது. வெர்லாண்டர் சரி என்று சொல்ல வேண்டியிருந்தது, சொன்னார். ஹூஸ்டன் மூன்று பையன்களைக் கொடுத்தது. டெட்ராய்ட் பையன்களையும் வாங்கிக்கொண்டு, அடுத்த இரண்டு வருஷமும் அவர் சம்பளத்தில் வருஷத்துக்கு 80 லட்சம் டாலரைத் தானே கட்ட ஒப்புக்கொண்டது.

நான் தூங்கிவிட்டேன். காலையில் காரில் ரேடியோவைப் போட்டதும்தான் தெரிந்தது. அலுவலக வாசலில் எஞ்சினை அணைக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். செப்டம்பரில் ஹூஸ்டனுக்காக ஐந்து ஆட்டம் வீசி ஐந்தையும் ஜெயித்தார். ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, அவர் விட்டுக்கொடுத்த ரன்களின் சராசரி 1.06. இது குறையக் குறைய நல்லது. அக்டோபரில் யாங்கீஸுக்கு எதிரான தொடரில் ஒரே ஆட்டத்தில் 124 பந்து வீசி, 13 பேரைப் பந்தை அடிக்க விடாமல் ஸ்ட்ரைக் அவுட் ஆக்கி, ஆட்டத்தைத் தானே முடித்தார். 34 வயதுக் கை! ஹூஸ்டன் கோப்பையை வாங்கியது. அந்த 2017 கோப்பையின் மேல் பிற்பாடு விழுந்த கறை எனக்கும் தெரியும். ஆனால் எதிரணிக் கேட்சர் தன் பிட்சருக்குக் காட்டும் சைகையைத் திருடியது மட்டை பிடித்தவர்கள் பக்கத்து விவகாரம். வெர்லாண்டர் கையிலிருந்து போன பந்தை யாரும் அவருக்காக வீசவில்லை. 2018இல் 290 ஸ்ட்ரைக் அவுட், 2019இல் 300, கூடவே இன்னொரு சை யங். முழங்கையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்பி வந்து, 2022இல் 39 வயதில் சராசரி 1.75, மூன்றாவது சை யங்.

அதனால் வயதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்துகிறவர்களிடம் கையைப் பற்றிக் கேளுங்கள். 2017 கோடையில் வெர்லாண்டரின் வேகம் குறையவே இல்லை. ஜூலை, ஆகஸ்டில் அவர் வீச்சு தேறியும் வந்தது. கெட்டது ஸ்லைடர் எனப்படும் பக்கவாட்டில் விலகிப் போகும் பந்து மட்டும்தான். ஹூஸ்டன்காரர்கள் அதிவேகக் கேமராவில் அவர் பிடியைப் படம் பிடித்து, அதைச் சரிசெய்ய உதவினார்கள். பிடியை மாற்றலாம். போன வேகத்தைத் திரும்ப வாங்க முடியாது.

கை என்றால் என்ன என்று எனக்குக் காட்டியவர் ஒரு டாக்டர். என் பையனுக்குப் பன்னிரண்டு வயது, ஊர்ப் பிள்ளைகள் லீகில் பிட்ச் செய்கிறான். அந்த வயதுக்கு ஒரு நாளைக்கு 85 பந்துதான், அதற்கு மேல் போகக்கூடாது என்று விதி இருக்கிறது. போன மே மாதம் முழங்கை வலிக்கிறது என்றான். டாக்டர் அவன் கையை மடக்கி, உள்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கிற எலும்பின் மேல் கட்டை விரலை வைத்து மெதுவாக அழுத்தினார். பையன் முகம் சுளித்தான். "பிள்ளைகளுக்கு இந்த எலும்பு இன்னும் வளர்ந்து முடியவில்லை, அதனால் எலும்பு வலிக்கும். பெரியவர்களுக்கு இதே இடத்தில் இருக்கிற நார் கிழியும்" என்றார். சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத ஒரு நார். நீங்கள் மூன்று கோடி டாலர் கொடுப்பது அந்த நாருக்குத்தான். (மூன்று வாரம் பந்தைத் தொடாமல் இருந்தான், சரியாகிவிட்டது.)

1974இல் டாமி ஜானுக்கு அந்த நார் அறுந்தபோது, டாக்டர் ஃபிராங்க் ஜோப் வேறு இடத்திலிருந்து ஒரு தசைநாணை எடுத்து அங்கே கோத்துத் தைத்தார். அதற்கு முன் அப்படி யாருக்கும் செய்ததில்லை. ஜான் 1976இல் திரும்பி வந்து 46 வயது வரை வீசினார். கை நன்றாக இருந்தால் வயது ஒன்றும் செய்வதில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் கையோடு நிறுத்திவிடாதீர்கள், முதுகையும் பாருங்கள். இதை நான் கண்ணால் பார்த்தேன். 2006 அக்டோபர் 6, டெட்ராய்ட்டில் யாங்கீஸோடு கோப்பைச் சுற்றின் மூன்றாவது ஆட்டம். நல்ல குளிர். மேல்தட்டில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர்கள் பக்கம் ராண்டி ஜான்சன், வயது 43. எங்கள் பக்கம் கென்னி ரோஜர்ஸ், வயது 41. ஜான்சனை யாங்கீஸ் 2005 ஜனவரியில் அரிசோனாவிடமிருந்து வாங்கியிருந்தது. மூன்று வீரர்களையும் 90 லட்சம் டாலரையும் கொடுத்து, போதாததற்கு அவருக்கு இன்னும் இரண்டு வருஷ ஒப்பந்தத்தையும் 3.2 கோடிக்கு எழுதிக் கொடுத்திருந்தது. யாங்கீஸில் அவருக்கு இரண்டாம் வருஷமான 2006இல் சராசரி சரியாக 5.00. முதுகில் வட்டு விலகி, ஊசி போட்டுக்கொண்டுதான் அன்றைக்கு வீசினார். ஒவ்வொரு பந்துக்கும் பிறகு அந்த நெட்டை உருவம் நிமிர்ந்து நிற்கக் கொஞ்சம் தாமதமானது மேல்தட்டிலிருந்தே தெரிந்தது. ஐந்து ரன் கொடுத்தார். ரோஜர்ஸ் எட்டாவது இன்னிங்ஸ் வரை ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. 6-0 என்று ஜெயித்தோம். வயது இருவருக்கும் நாற்பதுக்கு மேல்தான். ஒருவருக்கு முதுகு நிமிர்ந்தது, இன்னொருவருக்கு நிமிரவில்லை. நாங்கள் ரோஜர்ஸை வாங்க எந்தப் பையனையும் கொடுக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்து வெளியில் இருந்தவரைப் பணம் கொடுத்து எடுத்தோம், அவ்வளவுதான்.

இப்போது வாங்கிய கதைக்கு வருகிறேன். லேன்சிங்கில் பழைய ஆட்கள் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் பத்து நிமிஷத்தில் இதில்தான் வந்து நிற்பார்கள்.

1987 ஆகஸ்ட். டெட்ராய்ட்டும் டொராண்டோவும் முட்டி மோதிக்கொண்டிருந்தன. டெட்ராய்ட்டுக்கு ஒரு பிட்சர் வேண்டும். அட்லாண்டாவில் டாயில் அலெக்சாண்டர் இருந்தார், வயது 36. அவருக்குப் பதிலாக டெட்ராய்ட் கொடுத்தது ஜான் ஸ்மோல்ட்ஸ் என்ற இருபது வயதுப் பையனை. எங்கள் லேன்சிங் பையன். சின்ன வயதிலிருந்து டைகர்ஸ் என்றால் உயிர். தாத்தா பழைய டைகர் ஸ்டேடியத்தில் வேலை பார்த்தவர். அந்த வருஷம் கீழ்நிலை அணியில் அவன் கணக்கு 4 வெற்றி, 10 தோல்வி. அந்த எண்ணைப் பார்த்தால் யாருக்கும் கொடுக்கலாம் என்றுதான் தோன்றும்.

அலெக்சாண்டர் வந்து ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. 9 வெற்றி, சராசரி 1.53. கடைசி வாரத்தில் டொராண்டோவைத் தாண்டி டெட்ராய்ட் பிரிவில் முதலிடம் வந்தது. அலெக்சாண்டர் இல்லாவிட்டால் அது நடந்தே இருக்காது. அதனால்தான் அவரை வாங்கியதே தப்பு என்று சொல்கிறவர்களோடு நான் சேர்வதில்லை. ஆனால் அடுத்த தொடரில் மினசோட்டாவிடம் தோற்றோம், அலெக்சாண்டர் இரண்டு ஆட்டம் தோற்றார். 1989இல் அவர் கணக்கு 6 வெற்றி, 18 தோல்வி. அதோடு முடிந்தது.

ஸ்மோல்ட்ஸ் அட்லாண்டாவில் இருபது வருஷம் ஆடினார். 1996இல் சை யங். மொத்தம் 213 வெற்றி, 154 சேவ் (கடைசியில் வந்து முன்னிலையைக் காப்பாற்றிய ஆட்டங்கள்). 200 வெற்றிக்கும் 150 சேவுக்கும் மேல் சேர்த்து வைத்திருக்கிற பிட்சர் வேறு யாரும் கிடையாது. 2015இல் பேஸ்பால் மேதைகளுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம். எங்கள் ஊர்க்காரர் ஒருவர், இன்று எழுபது வயதிருக்கும், என்னிடம் சொன்னது இது: "ஸ்மோல்ட்ஸ் அட்லாண்டாவில் வீசும்போதெல்லாம் டிவியில் பார்ப்பேன். அவன் ஜெயிக்க வேண்டும் என்றும் இருக்கும், பார்க்கவும் கஷ்டமாக இருக்கும்."

எல்லாப் பையனும் ஸ்மோல்ட்ஸ் ஆகமாட்டான் என்பீர்கள். சரிதான். வெர்லாண்டருக்காக எங்களுக்கு வந்த மூவரில் முக்கியமானவர் என்று சொல்லப்பட்ட பிட்சர் தோள் காயத்தால் பெரிய அணிக்கு வரவே இல்லை. இன்னொருவர் வந்து சீக்கிரமே போய்விட்டார். பிட்சர் வீசும் பந்தைப் பிடிக்கும் கேட்சர் ஜேக் ராஜர்ஸ் மட்டும் நிலைத்தார். ஆனால் 1998இல் ஹூஸ்டன் இதே ராண்டி ஜான்சனை இரண்டு மாதத்துக்கு வாங்கியதையும் பாருங்கள். 10 வெற்றி, 1 தோல்வி, சராசரி 1.28 என்று பிரமாதமாகத்தான் வீசினார். முதல் சுற்றிலேயே சான் டியாகோவிடம் தோற்றார்கள், அவரும் அரிசோனாவுக்குப் போய்விட்டார். அவருக்காக சியாட்டிலுக்குப் போன மூன்று பையன்களும் 2001இல் அந்த அணி 116 ஆட்டம் ஜெயித்தபோது அதில் இருந்தார்கள்.

எந்தப் பையன் எப்படி வருவான் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பணம் அப்படி இல்லை. இரண்டு வருஷத்துக்கு 5.6 கோடி என்றால் 5.6 கோடிதான், சம்பளமாக அதற்கு மேல் ஒரு சல்லியும் போகாது. எவ்வளவு இழக்கப்போகிறீர்கள் என்று முன்னாலேயே எண்ணிப் பார்க்க முடிகிற ஒரே பொருள் பணம். அதைக் கொடுங்கள்.

முதலாளி ஒப்புக்கொள்ள மாட்டார் என்பீர்கள். சம்பளத்துக்கு மேல் வரி வேறு இருக்கிறது. 2025இல் மொத்தச் சம்பளம் 24.1 கோடி டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு முதல் வருஷம் 20 சதவீதம், தொடர்ந்து இரண்டாவது வருஷம் 30, மூன்றாவது வருஷம் 50. விற்கிற அணி அனுப்புகிற பணம் அந்தக் கணக்கைக் குறைத்துக் கொடுக்கும் என்பதால்தான் அவர் அதைக் கேட்கிறார். ஆனால் அந்தப் பணத்தை விற்கிறவர் சும்மா தருவதில்லை, உங்கள் பையன்களில் எடுத்துக்கொள்கிறார். 2023இல் நியூயார்க் மெட்ஸ் செய்தது அதுதான். ஆண்டுக்கு 4.33 கோடி வாங்குகிற பிட்சர்கள் மாக்ஸ் ஷெர்சர், வெர்லாண்டர் இரண்டு பேரையும் அடுத்தடுத்து விற்றது. இருவருமே எங்களிடம் இருந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் 3.5 கோடி டாலர் அளவுக்குத் தானே கட்டி, அதற்கு ஈடாக டெக்சஸ், ஹூஸ்டன் அணிகளின் நல்ல பையன்களை எடுத்துக்கொண்டது. மெட்ஸ் முதலாளி விவரமானவர். பணத்தைக் கொடுத்துப் பையன்களை வாங்குவது லாபம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எதிரில் உட்கார்ந்து வாங்குகிற உங்களுக்கும் அது தெரிய வேண்டும்.

முதலாளியிடம் இதையும் சொல்லுங்கள்: தேறி வருகிற ஒரு பையன் ஆறு வருஷம் நம்மிடம் இருப்பான். முதல் மூன்று வருஷம் குறைந்தபட்சச் சம்பளமே போதும், 2025இல் அது 7,60,000 டாலர். அப்படி ஒருவன் இல்லாமல் போனால், அந்த இடத்துக்கு நாளைக்கு இன்னொரு முப்பத்தைந்து வயதுக்காரரைத்தான் மூன்று கோடிக்குத் தேட வேண்டிவரும்.

வாங்கிவிட்டீர்கள் என்றால் அவரை நம்புங்கள். 2019இல் ஹூஸ்டன் 35 வயது ஜாக் கிரெய்ங்கியை நான்கு பையன்களைக் கொடுத்து அரிசோனாவிடமிருந்து வாங்கியது. வாஷிங்டனோடு ஏழாவது ஆட்டம், கோப்பை யாருக்கு என்கிற ஆட்டம். கிரெய்ங்கி ஆறு இன்னிங்ஸ் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. ஏழாவதில் ஒரு ஹோம் ரன், ஒரு வாக் (நான்கு தவறான பந்துகளால் அடிக்காமலே முதல் இடத்துக்குப் போவது). 80 பந்துதான் ஆகியிருந்தது, ஹூஸ்டன் இன்னும் 2-1 என்று முன்னால் இருந்தது. அவரை எடுத்துவிட்டார்கள். அடுத்து வந்தவர் போட்ட பந்தை ஹோவி கென்ட்ரிக் வலது மூலைக் கம்பத்தில் படும்படி ஹோம் ரன் அடித்தார். கோப்பை போய்விட்டது. அந்த ராத்திரிக்காகத்தானே அவரை வாங்கினார்கள்? அதே ஆட்டத்தில் எதிர்ப்பக்கம் வீசியவர் ஷெர்சர். மூன்று நாளைக்கு முன் கழுத்துப் பிடித்துக்கொண்டு, சட்டை போடக்கூட மனைவி உதவ வேண்டியிருந்தவர். அவருடைய அணி அவரை நம்பி ஐந்து இன்னிங்ஸ் வீச விட்டது.

கடைசியாக ஒன்று. சில வருஷம் முன்பு ஜூலை கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, லக்நட்ஸ் ஆட்டத்துக்குப் பையனைக் கூட்டிப் போனேன். ஆட்டத்துக்கு முன்னால் வேலியோரம் ஓர் இளம் பிட்சர் நின்று என் பையனோடு பேசிக்கொண்டிருந்தான். சேஞ்சப் எனப்படும் மெதுவான ஏமாற்றுப் பந்தை எப்படிப் பிடிப்பது என்று வேலி வழியாக விரலை விட்டுக் காட்டினான். பந்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, "வெள்ளிக்கிழமை நான்தான் வீசுகிறேன், வா" என்றான். வெள்ளிக்கிழமை போனோம். அவன் இல்லை. வயதான பிட்சர் ஒருவரை வாங்கப் பெரிய அணி கொடுத்த பையன்களில் அவனும் ஒருவன். வருஷத்துக்கு இருபத்தேழாயிரம் டாலர் சம்பளத்தில் இருந்தவன். பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார், பையன் செய்தியைப் போனில் சமூக ஊடகத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டானாம், அணியிலிருந்து கூப்பிட்டது அதற்கு அப்புறம்தானாம்.

சம்பளத்தை முழுசாகக் கொடுத்தாலும் சில சமயம் ஒரு பையனையாவது அனுப்பியே ஆக வேண்டிவரும், எனக்குப் புரிகிறது. அப்படி வந்தால், அறிவிப்புக்கு முன்னால் அவனுக்கு நீங்களே போன் செய்யுங்கள். உதவியாளரைச் செய்ய விடாதீர்கள். எந்த ஊருக்குப் போகிறான், என்றைக்குக் கிளம்ப வேண்டும், அங்கே அவனை யார் வந்து கூட்டிப்போவார்கள் என்று சொல்லுங்கள். அம்மா அப்பாவிடம் அவன் முதலில் பேசிக்கொள்ளப் பத்து நிமிஷம் கொடுத்துவிட்டு அப்புறம் வெளியில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
லேன்சிங்கிலிருந்து ஒரு டைகர்ஸ் ரசிகன்